நட்சத்திரத்தை விற்க நல்ல நாள் எது?

2018 ஜனவரி 22ஆம் தேதி இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் ஒரு சின்ன வீடியோவை வெளியிட்டது. அலெக்சிஸ் சான்செஸ் சிவப்புச் சட்டையோடு பியானோ முன்னால் உட்கார்ந்து, அந்த கிளப்பின் ரசிகர்கள் மைதானத்தில் பாடும் பாட்டை வாசிக்கிறார். ஆர்சனல் அவரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஹென்ரிக் மிகிதாரியனை வாங்கிக்கொண்டது. ஆளுக்கு ஆள், நடுவில் காசு இல்லை. சும்மாவே ஒரு நட்சத்திரம் கிடைத்துவிட்டது என்று யுனைடெட் ரசிகர்கள் துள்ளினார்கள். வாரச் சம்பளம் 3 லட்சம் பவுண்டுக்கும் மேல் என்று வந்த செய்தியை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு 45 ஆட்டம், 5 கோல். 2019 ஆகஸ்டில் அவரை இன்டர் மிலானுக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, அனுப்பினார்கள். ஓராண்டு கழித்து அங்கேயே காசு வாங்காமல் விட்டுவிட்டார்கள்.

இதை எல்லோரும் யுனைடெட் ஏமாந்த கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு ஆர்சனல் பக்கம் நடந்ததுதான் அதைவிடச் சுவாரசியம். ஐந்து மாதம் முன்பு, 2017 ஆகஸ்ட் 31 அன்று, இதே சான்செஸுக்கு மான்செஸ்டர் சிட்டி 6 கோடி பவுண்டு வரை தரத் தயாராக இருந்தது. மாற்று ஆளாக மொனாக்கோவிலிருந்து தோமா லெமார் வராததால் கடைசி மணி நேரத்தில் அந்தப் பேரம் முறிந்தது. ஆகஸ்டில் 6 கோடியாக இருந்த ஆள், ஜனவரியில் ஒரு மிகிதாரியன். ஒப்பந்தம் முடியும் ஜூன் வரை காத்திருந்தால் அதுவும் இல்லை. சான்செஸ் ஆடும் ஆட்டம் ஐந்து மாதத்தில் அவ்வளவு கெட்டுப்போகவில்லை. ஒப்பந்தத்தில் மீதமிருந்த மாதங்கள்தான் குறைந்தன.

பெரிய சம்பளக்காரரை விற்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு கோடையிலும் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். கோல் எண்ணிக்கை, வயது, விசுவாசம், சட்டை விற்பனை என்று எல்லாம் பேசுவோம். (சட்டை விற்பனையை விட்டுவிடுங்கள். ஒரு சட்டையின் விலையில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கும் கடைக்கும் போகிறது. அதை வைத்து யாரும் நட்சத்திரத்தின் விலையை மீட்டதில்லை.) கிளப் அலுவலகத்தில் முதலில் புரட்டுவது ஒப்பந்தம் முடியும் தேதியை. 1995 டிசம்பர் 15 அன்று போஸ்மான் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய கிளப்புக்கு ஒரு காசு தராமல் போகலாம். கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்தும் போட்டுக்கொள்ளலாம். ஆக, மூன்றாண்டு மீதமிருக்கும்போது கிளப்பின் கை மேலே. ஓராண்டுதான் மீதம் என்றால் ஆட்டக்காரரின் கை மேலே. இடையில், இரண்டாண்டு மீதமிருக்கும் அந்தக் கோடையில்தான் விஷயமே இருக்கிறது: ஒன்று புதுப்பிக்க வேண்டும், இல்லை விற்க வேண்டும்.

புதுப்பிப்பது சுலபமான வழி மாதிரி தெரியும். ஆர்சனல் அப்படித்தான் நினைத்தது. சான்செஸ் போன பத்து நாளுக்குள் மெசுட் ஓசிலுக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்றரை லட்சம் பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு நட்சத்திரங்களையும் இழந்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தின் விலை அது. 2020 அக்டோபரில் பிரீமியர் லீக் அணிப் பட்டியலிலேயே ஓசில் பெயர் இல்லை. 2021 ஜனவரியில், ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்க, ஃபெனர்பாச்சேவுக்குப் போனார். அதே ஆர்சனல், 2020 செப்டம்பரில் பியர்-எமெரிக் ஓபமேயாங்குக்கும் மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 31. அடுத்த ஆண்டு டிசம்பரில் கேப்டன் பதவி பறிபோனது. 2022 பிப்ரவரியில் பார்சலோனாவுக்கு இலவசமாக அனுப்பப்பட்டார். சூடு கண்ட பூனை இரண்டாம் முறையும் அதே அடுப்பில் ஏறியது.

ஏன் இவர்களை யாரும் விலை கொடுத்து வாங்க முன்வரவில்லை? ஆட்டக்காரரை விற்கும் கிளப்புக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகையும் சம்பளமும் நம் பேச்சில் தனித்தனி. வாங்கும் கிளப்புக்கு இரண்டும் ஒரே செலவு. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். முப்பது வயது ஆட்டக்காரர், ஆண்டுக்கு 2 கோடி யூரோ சம்பளம், ஒப்பந்தம் இன்னும் மூன்றாண்டு. அவருக்கு வெளியே கிடைக்கக்கூடியது ஆண்டுக்கு 1 கோடி என்று வையுங்கள். போனால் மூன்றாண்டில் அவர் கையிலிருந்து 3 கோடி போகிறது. அவர் ஏன் போக வேண்டும்? போகச் சொல்லும் கிளப் அந்த வித்தியாசத்தைத் தானே கட்ட வேண்டும், அல்லது யானையைக் கட்டித் தீனி போட வேண்டும். இதில் ஆட்டக்காரர் மேல் கோபப்படுவது வேடிக்கை. கையெழுத்து இரண்டு பேர் போட்டது.

காரெத் பேல் கதையில் இது அப்பட்டமாகத் தெரியும். 2016 அக்டோபரில் ரியால் மாட்ரிட் அவருக்கு 2022 வரை ஒப்பந்தம் நீட்டியது. 2018 மே மாதம் கீயெவில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சில நிமிடங்களில், அந்தரத்தில் தலைகீழாகத் திரும்பி ஒரு கோல் அடித்தார். பிறகு இன்னொன்றும் அடித்தார். ஆட்டம் முடிந்த கையோடு, எனக்கு வாராவாரம் ஆட வேண்டும், இங்கே இல்லையென்றால் வேறெங்காவது என்கிற மாதிரி பேசினார். அவரை விற்பதற்கு அதைவிட நல்ல நாள் வந்ததே இல்லை. வயது 28, ஒப்பந்தம் நான்காண்டு மீதம், உலகமே அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோடையில் ரொனால்டோ போய்விட்டார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அனுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? 2019 ஜூலையில் பயிற்சியாளர் ஜிதான், பேல் நாளைக்கே போனாலும் நல்லதுதான் என்று வெளிப்படையாகவே சொன்னார். சீனாவின் ஜியாங்சு சுனிங்கோடு பேச்சு முடிகிற நிலைக்கு வந்து, ரியால் தொகை கேட்டதில் முறிந்தது. 2020இல் சம்பளத்தில் ஒரு பங்கை ரியாலே ஏற்றுக்கொண்டு டாட்டனமுக்கு லோனில் அனுப்பியது. 2022இல் ஒப்பந்தம் முடிந்தது, போனார், ஒரு யூரோ வரவில்லை.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. நட்சத்திரத்துக்கு நல்ல விலை வரும் நாளில் அவரை விற்க யாருக்கும் மனம் வராது. விற்றுவிடலாம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொல்லும் நாளில் வாங்க ஆள் இருக்காது. ஆகவே விற்பதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில், கடைசி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. எத்தனை ஆண்டு, கடைசி ஆண்டில் அவருக்கு வயது எத்தனை, அந்த வயதில் இந்தச் சம்பளத்தை வேறு யார் தருவார்கள்: இதெல்லாம் அந்த மேசையில் கேட்க வேண்டியவை.

சம்பளம் டிரெஸ்ஸிங் ரூமிலும் வேலை செய்யும். ஒருவருக்கு மூன்றரை லட்சம் என்றால், அவரைவிட என் ஆள் எதில் குறைந்தவன் என்று மற்றவர்களின் ஏஜென்டுகள் கேட்க ஆரம்பிப்பார்கள். யுனைடெட்டில் சான்செஸ் வந்தபின் அடுத்தடுத்த ஒப்பந்தப் பேச்சுகளில் அந்த எண்தான் அளவுகோல் ஆனது. அதனால் நட்சத்திரத்தை அனுப்பும்போது மிச்சமாவது அவர் ஒருவர் சம்பளம் மட்டுமல்ல, சம்பளக் கூரையின் உயரமும் இறங்குகிறது.

கணக்குப் புத்தகத்தில் இது எப்படித் தெரியும் என்று பார்க்காமல் பேச்சு முடியாது. கொஞ்சம் வறண்ட விஷயம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 10 கோடிக்கு வாங்கிய ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால், ஆண்டுக்கு 2 கோடி தேய்மானமாக எழுதுவார்கள். மூன்றாண்டு கழித்துப் புத்தகத்தில் அவர் மதிப்பு 4 கோடி. அப்போது 5 கோடிக்கு விற்றால் ஊர் முழுக்க, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டான் என்று சிரிக்கும். கணக்கில் அது 1 கோடி லாபம். கிளப்பின் இளையோர் பள்ளியிலேயே வளர்ந்த பையன் என்றால் புத்தக மதிப்பு சுழி. விற்ற தொகை முழுக்க லாபம். செல்சி மேசன் மவுன்டை 2023இல் விற்றபோது நடந்தது அதுதான். சொந்த வீட்டுப் பிள்ளையை விற்றால்தான் கணக்கு அழகாக இருக்கும் என்கிற விதி, விளையாட்டை நேசிக்கிற யாரும் எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

யுவென்டஸ் 2018 ஜூலையில் ரொனால்டோவை 10 கோடி யூரோவுக்கு வாங்கியது. இதர கட்டணங்கள் தனி. வயது 33. வரி போக ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி யூரோ சம்பளம். வரியோடு பார்த்தால் கிளப்புக்கு அதுபோல் இரு மடங்கு. 134 ஆட்டத்தில் 101 கோல் அடித்தார், இரண்டு லீக் பட்டம் வந்தது. அவரை எதற்காக வாங்கினார்களோ அந்தச் சாம்பியன்ஸ் லீக்கில் அயாக்ஸ், லியோன், போர்ட்டோ என்று வரிசையாகத் தோற்றார்கள். 2021 ஆகஸ்டில், ஓராண்டு மீதமிருக்க, 1.5 கோடி யூரோவுக்கும் இலக்குகள் எட்டினால் மேலும் 80 லட்சத்துக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கொடுத்தார்கள். புத்தகத்தில் 1.4 கோடி நஷ்டம் என்று கிளப்பே அறிவித்தது. தலைப்புச் செய்தி அதோடு நின்றது. ஆனால் அவர் இருந்திருந்தால் கட்டவேண்டிய கடைசி ஆண்டுச் சம்பளம் அந்த நஷ்டத்தைப் போல நான்கு மடங்கு. விற்றது சரி. 33 வயதில் நான்காண்டு ஒப்பந்தம் கொடுத்தது சரியா என்பதுதான் கேள்வி.

ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதிலும் இந்தப் புத்தக மந்திரம் உண்டு. 2020 ஜூனில் பார்சலோனா ஆர்தரை 7.2 கோடி யூரோவுக்கு யுவென்டஸுக்கு விற்றது. யுவென்டஸ் மிராலெம் பியானிச்சை 6 கோடிக்கு பார்சலோனாவுக்கு விற்றது. உண்மையில் கைமாற வேண்டிய வித்தியாசம் 1.2 கோடிதான். ஆனால் விற்ற லாபம் இரண்டு கிளப்புக்கும் அந்த ஆண்டே முழுதாக வந்துவிடும். வாங்கிய செலவு பல ஆண்டுகளுக்குப் பிரிந்துவிடும். ஒருவருக்கு வயது 23, மற்றவருக்கு 30. இரண்டு பேரும் புது இடத்தில் சோபிக்கவில்லை. இப்படி விலை ஏற்றிக் காட்டும் பழக்கம் பற்றிய விசாரணையில் யுவென்டஸ் கடைசியில் 2022-23 பருவத்தில் 10 புள்ளி இழந்தது. நேர்மையான ஆள் மாற்று கால்பந்தில் அபூர்வம். இரண்டு கிளப், இரண்டு ஆட்டக்காரர், இரண்டு சம்பளம், எல்லாம் ஒரே வாரத்தில் ஒத்துப்போக வேண்டுமே. நடந்தவற்றில் ஒன்று 2009இல்: இன்டர் மிலானின் ஜ்லாடான் இப்ராஹிமோவிச்சுக்காக பார்சலோனா சாமுவேல் எட்டோவையும் கொடுத்து, மேலே 4.5 கோடி யூரோவுக்கும் அதிகமாகக் கொடுத்தது. அடுத்த வசந்தத்தில் எட்டோ ஆடிய இன்டர் மிலான் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அதே பார்சலோனாவை வெளியேற்றி, கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

விற்றாயிற்று. வந்த பணத்தை என்ன செய்வது? விற்பனை சரியா தப்பா என்று ஐந்து வருடம் கழித்துப் பேசுவோமே, அப்போது தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

2019 மே 7, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முதல் ஆட்டத்தில் 3-0 என்று ஜெயித்த பார்சலோனா, லிவர்பூலில் இரண்டாவது ஆட்டம் ஆடுகிறது. சலாவும் ஃபிர்மினோவும் லிவர்பூலுக்கு இல்லை. பார்சலோனா அணியில் பிலிப் கூட்டின்யோ. பதினாறு மாதம் முன்பு போனஸ் எல்லாம் சேர்த்து 14.2 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் விற்ற ஆள். அவரை இழந்தால் அணியே கலைந்துவிடும் என்று அன்று அழுதவர்கள் ஏராளம். அறுபதாவது நிமிடத்தில் பலகையில் அவர் எண் ஒளிர்கிறது. பழைய மைதானத்தில், பழைய ரசிகர்கள் முன்னால், மாற்றப்பட்டு வெளியே நடக்கிறார். அதற்குள் மூன்று கோல் விழுந்தாயிற்று. லிவர்பூலின் கோல்கீப்பர் அலிசன். அவருக்கு முன்னால் தடுப்பாட்டத்தில் வர்ஜில் வான் டைக். அந்த இரண்டு பேருக்கும் கொடுத்த தொகையைக் கூட்டினால் ஏறத்தாழ கூட்டின்யோவின் விலை. 79ஆவது நிமிடத்தில் ஓரிகி நான்காவது கோலை அடித்தபோது கூட்டின்யோ பெஞ்சில் இருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, லிவர்பூல் இன்னொரு கூட்டின்யோவைத் தேடவில்லை. வான் டைக் வருவது உறுதியான பத்து நாள் கழித்துத்தான் கூட்டின்யோ விற்பனையே அறிவிக்கப்பட்டது. ஓட்டை எங்கே என்று அவர்களுக்கு முன்பே தெரியும். பார்சலோனா அதற்கு நேர்மாறு. 2017 ஆகஸ்டில் நெய்மார் ஒப்பந்தத்தில் இருந்த 22.2 கோடி யூரோ விடுவிப்புத் தொகையை பாரிஸ் கிளப் அப்படியே கட்டிவிட்டது. பார்சலோனாவுக்கு வேண்டாம் என்று சொல்லும் வழியே இல்லை. கையில் இவ்வளவு காசு இருப்பது ஊருக்கே தெரிந்தபின் டார்ட்மண்ட் டெம்பேலேவுக்கும், லிவர்பூல் கூட்டின்யோவுக்கும் என்ன விலை சொல்லும்? சொன்ன விலையைக் கொடுத்தார்கள்.

டாட்டனம் 2013இல் பேலை விற்ற பணத்தில் ஏழு பேரை வாங்கியது. கிறிஸ்டியன் எரிக்சன் மட்டும் பொன். எரிக் லமேலா பல ஆண்டு தாக்குப்பிடித்தார். மற்ற ஐவரில் பெரும்பாலோர் இரண்டே ஆண்டில் கிளம்பிவிட்டார்கள். பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் அந்த டிசம்பரிலேயே போய்விட்டார். ஆனால் அதே டாட்டனம் ஹாரி கேன் விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. 2021இல் மான்செஸ்டர் சிட்டி கேட்டபோது கிளப்பின் அப்போதைய தலைவர் டேனியல் லெவி தரவில்லை. மூன்றாண்டு ஒப்பந்தம் மீதமிருந்தது, அவர் கை மேலே. இரண்டு பருவம் கழித்து, அதில் ஒன்றில் 30 லீக் கோல் அடித்த பிறகு, 30 வயதில் பயர்ன் மியூனிக்குக்கு 10 கோடி யூரோவுக்கு மேல் போனார். வைத்துக்கொண்டதால் அந்த இரண்டு ஆண்டில் கோப்பை வரவில்லை, உண்மைதான். ஆனால் பணமாகப் பார்த்தால் அதிகம் இழக்கவும் இல்லை. இளமையிலேயே நீண்ட ஒப்பந்தம் போட்டு வைத்ததன் பலன் அது.

தேதி என்றால் கணக்காண்டு முடியும் தேதியும் ஒன்று உண்டு. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் பிரென்னன் ஜான்சனை 4.75 கோடி பவுண்டுக்கு டாட்டனமுக்கு விற்றது, 2023 செப்டம்பர் 1. கணக்கு முடிந்தது ஜூன் 30. இரண்டு மாதம் பொறுத்ததால் நல்ல விலை வந்தது, பிரீமியர் லீக் அனுமதித்த நஷ்ட வரம்பையும் 3.45 கோடி பவுண்டு தாண்டியாயிற்று. முன்பே விற்றிருந்தால் குறைந்த விலைக்குத்தான் போயிருப்பார் என்று கிளப் வாதாடியது. ஆணையம் கேட்கவில்லை, 2024 மார்ச்சில் 4 புள்ளி வெட்டு. லீக்கில் தப்பிப் பிழைத்தார்கள் என்பதால் அந்தப் பொறுமை லாபமா நஷ்டமா என்று இன்னும் வாதிடலாம். என்னைக் கேட்டால் லாபம்தான், மயிரிழையில். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபாவின் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு இப்போது இன்னொரு கயிறும் இருக்கிறது: சம்பளம், தேய்மானம், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே இனி ஒரு நட்சத்திரத்தின் சம்பளம் நேராக இன்னொரு ஆட்டக்காரரின் இடத்தைத் தின்னும்.

இத்தனைக்கும் பிறகு கிலியன் எம்பாப்பே என்ற பெயர் எல்லாக் கணக்கையும் கலைக்கும். 2021 ஆகஸ்டில், ஓராண்டு மீதமிருக்க, ரியால் மாட்ரிட் 16 கோடி யூரோவில் தொடங்கி ஏறிக்கொண்டே வந்தது. பாரிஸ் அசையவில்லை. 2022இல் இன்னும் பெரிய சம்பளத்தோடு புதுப்பித்தார்கள். 2024 ஜூனில் அவர் இலவசமாக ரியாலுக்கே போனார். கணக்குப்படி இதைவிட மோசமான முடிவு கிடையாது. அடுத்த ஆண்டு மே 31 அன்று, எம்பாப்பே இல்லாத பாரிஸ் இன்டர் மிலானை 5-0 என்று வென்று முதல்முறையாகச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. முன்வரிசையில் ஓயாமல் துரத்திக்கொண்டிருந்தவர் டெம்பேலே. நெய்மார் பணத்தில் பார்சலோனா வாங்கி, பிறகு பாரிஸுக்கு 5 கோடி யூரோவுக்கு விட்ட அதே டெம்பேலே. நட்சத்திரம் போனால் அணி நன்றாக ஆடும் என்று இதை வைத்து நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். பாரிஸின் உரிமையாளர்களுக்கு 16 கோடியை விட்டுவிட்டுத் தூங்க முடியும். அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

2025 ஏப்ரலில் லிவர்பூல் முகமது சலாவைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துப் படம் வெளியிட்டது. 2023 செப்டம்பரில் சவுதியின் அல்-இத்திஹாத் 15 கோடி பவுண்டு வரை பேசியபோது மறுத்தார்கள். இப்போது ஒப்பந்தம் முடிய இரண்டரை மாதமே இருக்க, அடுத்த ஜூனில் 33 வயது ஆகப்போகும் ஆளுக்கு மேலும் இரண்டாண்டு. அந்தப் பருவத்தில் லீக்கில் 29 கோல் அடித்து, 18 கோலுக்கு வழி செய்து, பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். கையெழுத்தைக் குறை சொன்னவர்கள் அநேகமாக யாரும் இல்லை; நானும் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில், 2025 டிசம்பர் முதல் வாரத்துக்குள், தொடர்ந்து மூன்று லீக் ஆட்டங்களில் தொடக்க அணியில் அவருக்கு இடமில்லை. லீட்ஸில் கடைசி வரை பெஞ்சிலேயே இருந்துவிட்டு, வெளியே வந்து நிருபர்கள் முன் மனக்குறையைக் கொட்டினார். அப்போது ஒப்பந்தத்தில் மீதம் பதினெட்டு மாதம்.